பத்து நிமிடத் திரில்லர் குறும்படத்துக்குக் கதை அமைக்கும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறும்படம் எடுக்கத் தொடங்கும் இளைஞர்களிற் பலர் முதலில் கைவைப்பது திரில்லர் வகையில்தான். கொலை, துரத்தல், இறுதித் திருப்பம் என்ற வரிசை மனத்தில் இருந்தாற் போதும் என்று எண்ணிப் படப்பிடிப்புக்குச் சென்றுவிடுகிறார்கள்; தொகுப்பு மேசைக்கு வந்த பிறகே படத்தில் பதற்றம் இல்லை என்பது தெரிகிறது. கமெரா, ஒலிப்பதிவு ஆகியவற்றைக் கையாள உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, கதையை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

படி 1: சூழலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இந்த விளக்கம் முழுவதற்கும் பின்வரும் கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம்: குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மாலைநேரப் பாதையில் (ஆட்களை ஏற்றிச் செல்லும் இயந்திர மிதவையில்), ஒரு சங்கத்தின் பண மோசடியை நிரூபிக்கும் கணக்குப் புத்தகத்தோடு பெண் எழுதுவினைஞர் ஒருவர் ஏறுகிறார், அதைப் பறிப்பதற்காக அனுப்பப்பட்ட ஒருவரும் அதே பாதையில் ஏறுகிறார்.

ஆபத்துக்கு உள்ளாகும் ஆள், பறிபோகக்கூடிய பொருள், எதிராளி, தப்பிச் செல்ல முடியாத இடம், முடிந்துவிடப்போகும் நேரம் ஆகிய ஐந்தும் அந்த வாக்கியத்துக்குள் இருக்கின்றன. உங்கள் வாக்கியத்தில் இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விவரிக்கத் தேவையில்லை. எல்லோரும் அதைத் தேடுகிறார்கள் என்பதே போதும். இவ்வாறான பொருளைத் திரில்லர் படங்களுக்குப் பேர்பெற்ற இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் ‘மக்கஃபின்’ என்று அழைத்தார்.

படி 2: யாருக்கு எது எப்போது தெரியும் என்று அட்டவணை போடுங்கள்

ஒரு திரைக்கதையில் நான் மிக அதிக நேரம் செலவிடுவது இந்தப் படியில்தான். திரில்லரின் உட்பிரிவைத் தீர்மானிப்பதும் இதுவே. சி.ஆர். கொப்பியின் ஒரு பக்கத்தில் பார்வையாளர், கதாநாயகி, எதிராளி என்று மூன்று நிரல்கள் வரைந்து, ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அவரவருக்குத் தெரிந்ததை எழுதுங்கள். இதற்கெனப் பல செயலிகள் உள்ளன. ஆயினும் பத்து நிமிடப் படத்துக்குக் கொப்பியும் பென்சிலுமே மேல் என்பது என் உறுதியான கருத்து. முழு அட்டவணையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்; கைத்தொலைபேசித் திரையில் அது தெரிவதில்லை.

1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா துருஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் ஹிட்ச்காக் தந்த விளக்கம் இதற்கு அடிப்படையானது. மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு, பார்வையாளருக்கு முன்னறிவிப்பின்றி வெடித்தால் கிடைப்பது பதினைந்து வினாடி அதிர்ச்சி; குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால், மேசையில் நடக்கும் சாதாரணப் பேச்சுக்கூடப் பதினைந்து நிமிடப் பதற்றமாகிவிடும்.

இதை நமது பாதையில் பொருத்திப் பாருங்கள். மண்டூர்த் துறையில் இறங்கும்போது பை காணாமற்போயிருக்கிறது, எடுத்தவர் யார் என்பது எவருக்கும் தெரியாது என்றால், அது துப்பறியும் புதிர். பயணிகள் அனைவரும் சந்தேக நபர்கள். எதிராளி யார் என்பதைப் பார்வையாளருக்கு முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டு, கதாநாயகி அவரிடமே பையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதாக எழுதினால், அது தூய பதற்றக் கதை. அவளுடைய அச்சம் உண்மையா, அவளே கற்பனை செய்கிறாளா என்பது பார்வையாளருக்கும் விளங்காதபடி, அவள் பார்ப்பதை மட்டுமே காட்டினால், அது உளவியல் திரில்லர். புத்தகத்தை எந்த அதிகாரியிடம் ஒப்படைக்கச் செல்கிறாளோ, அவரே எதிராளியை அனுப்பியவர் என்று பார்வையாளர் அறிந்துகொண்டால், அரசியற் சதிக் கதை பிறந்துவிடும். நீதிமன்றத் திரில்லர், உளவுக் கதை போன்றவற்றுக்கும் இதே அட்டவணை பொருந்தும். ஆனால், அவை பத்து நிமிடத்துக்குள் அடங்குவது கடினம்.

ஒரே படத்தில் இந்த நான்கையும் கலக்க வேண்டாம். புதிராகத் தொடங்கி நடுவில் எதிராளியைக் காட்டிவிட்டால், அதுவரை பார்வையாளர் செய்த ஊகம் அனைத்தும் வீணாகிவிடும். முழுநீளப் படம் அந்த இழப்பை ஈடுசெய்யலாம், குறும்படத்துக்கு அதற்கு அவகாசம் இல்லை.

படி 3: திருப்பத்துக்கு முன்பே தடயம் வையுங்கள்

இறுதித் திருப்பம் உண்டென்றால், அதற்கான தடயம் குறைந்தது இரண்டு இடங்களில், வேறொரு காரணத்துக்காக வந்ததுபோல் தோன்ற வேண்டும். திசைதிருப்ப வைக்கும் ஆளுக்கும் சொந்தக் காரணம் ஒன்று வேண்டும்: பையையே உற்றுப் பார்க்கும் முதியவர், தமது மகளின் பையும் அதே நிறம் என்பதனால் பார்க்கலாம்.

படி 4: நடைமுறையை நமது நாட்டுக்கு ஏற்ப எழுதுங்கள்

பொலிஸ் விசாரணைக் கதைகளில் நான் மிகவும் வருந்தும் குறை இது. தமிழ்நாட்டுப் படங்களில் வரும் கமிஷனர் நமது ஊரில் இல்லை. பொலிஸ் நிலையத்தை நடத்துபவர் பொறுப்பதிகாரி. சந்தேகத்துக்குரிய மரணம் நிகழ்ந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். பிடியாணையின்றிக் கைதானவரைப் பொதுவாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்த வேண்டும். இந்த 24 மணித்தியாலத்தையே கதையின் கெடுவாக வைக்கலாம்; சுவரில் கடிகாரம் காட்டுவதைவிட அது வலிமையானது.

படி 5: வெளிச்சத்தையும் ஒலியையும் கதையோடு சேர்த்து எழுதுங்கள்

வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு மாலையிற் செல்லும்போது சூரியன் எதிரே இருக்கும். மேற்கு நோக்கிக் கமெராவை வைத்தால் முகங்கள் இருண்டு உருவங்கள் மட்டும் தெரியும். எதிராளியை மறைக்க வேண்டிய புதிர்க் கதைக்கு அது மிகவும் ஏற்றது, அவளுடைய முகமாற்றமே முக்கியமான உளவியற் கதைக்கு ஏற்றதன்று. ஆகவே, உட்பிரிவு தீர்மானமான பின்னரே கமெராவின் திசையை முடிவுசெய்யுங்கள்.

பின்னணி இசையைக் கூடியவரை குறையுங்கள். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ ஒரு பாடலும் இல்லாமலேயே ஒரு கொலை விசாரணையை நடத்திக் காட்டியது. நமது கதையில், வாவியின் நடுவே பாதையின் இயந்திரம் நின்றுபோகும் கணத்துக்கு எந்த இசையும் வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை: கைத்தொலைபேசிச் சிக்கல்

இதை வாசித்த சிலர், “அவள் ஏன் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைக்கவில்லை?” என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி, இன்றைய திரில்லர் எதுவும் இதற்கு விடை சொல்லாமல் தப்ப முடியாது. மின்கலம் தீர்ந்துவிட்டது என்று ஆபத்து நேரத்திற் சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். அதைச் சொல்வதானால் முதற் காட்சியிலேயே, ஆபத்து தொடங்கும் முன்பே காட்டிவிட வேண்டும். நான் விரும்பும் தீர்வு வேறு: அவள் அழைக்கட்டும், அழைப்பும் கிடைக்கட்டும். எதிராளி அவளருகில் அமர்ந்திருப்பதால், வீட்டாரோடு பேசுவதுபோலவே அவள் பொலிஸாரிடம் பேச வேண்டியிருக்கும். மறுமுனையில் இருப்பவர் அதைப் புரிந்துகொள்வாரா என்பதற்கு அட்டவணையில் நான்காவதாக ஒரு நிரல் போடுங்கள்.