நோயல் மாமேரைப் பற்றி 20 நிமிடம் பேசத் தயாராவது எப்படி

வாசகர் வட்டத்திலோ கல்லூரி மன்றத்திலோ "ஊடகத்திலிருந்து அரசியலுக்கு" என்று தலைப்புக் கொடுத்தால், ஈரோடானாலும் பொள்ளாச்சியானாலும் பேசுகிறவர்கள் நேரே சினிமாவுக்குப் போய்விடுவார்கள். செய்தி வாசித்த ஒருவரை எடுத்தால் பேச்சு தனித்து நிற்கும். டிவியில் செய்தி வாசித்து, பிறகு மேயரும் எம்பியுமான பிரான்சின் நோயல் மாமேர் அதற்குத் தோதான ஆள். ஆனால் அவர் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொன்னால் பத்தாவது நிமிடத்தில் ஆட்கள் டீக்கு எழுந்து போவார்கள்.

முதலில் பெயர். நோயல் என்றால் பிரெஞ்சில் கிறிஸ்துமஸ். அவர் பிறந்ததும் 1948 டிசம்பர் 25, தென்மேற்குப் பிரான்சின் போர்தோ நகரத்துக்குப் பக்கத்து லிபூர்ன் ஊரில். மாமேர் என்ற ஓசை அங்கே "என் அம்மா" என்றும் காதில் விழும். இந்த இரண்டையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் பெயர் கூட்டத்துக்கு மறக்காது. அவர் மேயராக இருந்த ஊரை ஆங்கில எழுத்தைப் பார்த்து "பெக்லஸ்" என்று வாசிக்கக் கூடாது. கடைசி எழுத்து ஒலிக்காது, "பெக்ல்" என்பதோடு சரி.

அடுத்தது நேரம். மேடைத் தமிழ் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் ஓடும். 20 நிமிடத்துக்கு 1,800 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். டிவிக்கு 3 நிமிடம், பெக்ல் ஊருக்கு 9, அவர் நின்ற 2002 அதிபர் தேர்தலுக்கு 6, மீதி 2 நிமிடம் தொடக்கத்துக்கும் முடிவுக்கும். பலர் இதைத் தலைகீழாகப் பிரிக்கிறார்கள். டிவிக் காலம் கவர்ச்சியாகத் தெரிவதால் பாதி நேரம் அதிலேயே கரைந்துவிடும். இவர் கதைக்கு முதுகெலும்பு மேயர் நாற்காலிதான். 1989 முதல் 2017 வரை 28 வருஷம் அதில் உட்கார்ந்திருந்தார்.

டிவிப் பகுதிக்கு இவ்வளவு போதும்: 1980களில் ஆன்டென் 2 என்ற அரசு சேனலில் மதியச் செய்தி, பிறகு மனித உரிமைகள் பற்றிய "ரெஸிஸ்தான்ஸ்" நிகழ்ச்சி. அந்தச் சேனல்தான் 1992இல் பிரான்ஸ் 2 ஆனது. தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தில் செய்தி வாசித்தவர்கள் முகம் ஊரெல்லாம் தெரிந்திருந்ததைச் சொன்னால், 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் உடனே தலையாட்டுவார்கள்.

இனி பெக்ல். மொழிபெயர்ப்பில் சறுக்குவது இங்கேதான். "மேயர்" என்றதும் நம் ஆட்கள் மனதில் கோவை மாநகராட்சி வந்து நிற்கும். பிரான்சில் சுமார் 35,000 கொம்யூன்கள், அதாவது உள்ளாட்சி அமைப்புகள். ஐந்நூறு பேர் இருக்கும் கிராமத்துக்கும் ஒரு மேயர் உண்டு. பெக்ல் என்பது போர்தோவின் தெற்கு ஓரத்தில், கரோன் ஆற்றங்கரையில், காங்கயம் போல ஒரு நடுத்தர ஊர். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பேச்சு முழுக்கக் கூட்டம் தப்பான அளவிலேயே கற்பனை செய்துகொண்டிருக்கும். இன்னொரு சறுக்கல்: 1997 முதல் 2017 வரை அவர் "தெப்யுதே". அது எம்எல்ஏ அல்ல, எம்பி. தேசியச் சட்டமன்றம் என்று பெயர் இருப்பதால் வரும் குழப்பம். அதற்கு முன் 1994 முதல் 1997 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இருந்தார்.

20 வருஷம் மேயராகவும் எம்பியாகவும் ஒரே நேரத்தில் எப்படி என்று யாராவது கேட்பார்கள். சென்னையில் மு.க.ஸ்டாலின் ஒரே சமயத்தில் மேயராகவும் எம்எல்ஏவாகவும் இருந்ததை நினைவுபடுத்துங்கள். பிரான்சில் அது சாதாரண வழக்கமாகவே இருந்தது. 2014இல் தடைச் சட்டம் போட்டு, 2017 தேர்தலிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

பேச்சின் நடுவில் ஒரு காட்சியை மட்டும் நிதானமாக, 4 நிமிடமாவது எடுத்து விரித்துச் சொல்லுங்கள்: 2004 ஜூன் 5, பெக்ல் நகர மன்றம். நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டையைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு மாமேர் இரண்டு ஆண்களுக்குத் திருமணம் செய்துவைத்தார். பிரான்சில் அதுதான் முதல். மேயருக்கு ஏன் அந்த அதிகாரம் என்பது நம் பக்கத்துக்குச் சட்டென்று புரியாது. கொங்குக் கல்யாணத்தில் அருமைக்காரர் நின்று சீர் செய்யாமல் தாலி ஏறுவதில்லை அல்லவா, அங்கே சட்டத்தின் கண்ணில் அந்த இடம் மேயருக்கு. சர்ச்சில் மட்டும் நடக்கும் திருமணம் செல்லாது. இந்த ஒப்புமையைச் சொல்லிவிட்டுப் பின்விளைவுக்கு வாருங்கள். அரசு அவரை ஒரு மாதம் பதவியிலிருந்து நிறுத்திவைத்தது. நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் திருமணத்தை ரத்து செய்தது. 2007இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2013இல் சட்டமே மாறியது. நான்கு தேதியையும் வரிசை மாறாமல் சொன்னால் போதும், கருத்துரை தேவையில்லை. எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அரங்கில் பாதிப்பேர் காதை மூடிக்கொள்வார்கள்.

2002 அதிபர் தேர்தலுக்கு வந்தால், முதலில் பசுமைக் கட்சிக்குள்ளேயே அலாங் லிப்பியெட்ஸிடம் மாமேர் தோற்றிருந்தார். லிப்பியெட்ஸின் பேட்டிகள் கட்சிக்குத் தலைவலி ஆனதும் 2001 அக்டோபரில் ஆளை மாற்றினார்கள். வரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லியிருந்த மாமேர் வந்தார். அங்கே அதிபர் தேர்தலில் நிற்க 500 மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்து வேண்டும். அதுவும் குறைந்தது 30 மாவட்டங்களிலிருந்து.

முடிவு: முதல் சுற்றில் 5.25 சதவீதம், கிட்டத்தட்ட 15 லட்சம் ஓட்டு. இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து "ஏனுங்க, டெபாசிட் போயிருச்சுங்களா?" என்று நிச்சயம் வரும். தயாராக இருங்கள். நம் கணக்கில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 16.67 சதவீதம் வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால் அன்றைய பிரதமர் ஜோஸ்பேனுக்கே (16.18) டெபாசிட் காலி. 16 பேரில் சிராக்கும் (19.88) லெ பென்னும் (16.86) மட்டுமே தப்பியிருப்பார்கள். அங்கே முக்கியமான கோடு 5 சதவீதம். அதைத் தாண்டினால் தேர்தல் செலவில் அரசு திருப்பித் தரும் பங்கு பெரிதாகக் கூடும். மாமேர் தாண்டினார்.

அடுத்த கேள்வி, "ஓட்டைப் பிரிச்சது அவர்தானே?" பசுமைக் கட்சி ஜோஸ்பேன் அரசிலேயே பங்காளி. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றை ஜோஸ்பேன் தவறவிட்டது சுமார் 1,95,000 ஓட்டில். கணக்கு மாமேரைக் குத்துவது போல்தான் இருக்கும். ஆனால் கூட்டணியில் இருந்த இன்னும் பலரும் தனித்து நின்றார்கள். முதல் சுற்றில் அவரவர் பலத்தைப் பார்ப்பது, இரண்டாவதில் சேர்வது என்பது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு அது தவறிப்போனது. பழியை ஒருவர் தலையில் கட்டாமல் இந்த முறையை விளக்குங்கள். கரும்பலகை இருந்தால் ஜோஸ்பேன் பெயரையும் கூட்டணியிலிருந்து தனித்து நின்றவர்கள் பெயரையும் அவரவர் சதவீதத்தோடு எழுதினாலே பாதி விவாதம் அடங்கிவிடும்.

கட்சித் தாவலை மறைக்காதீர்கள். முதலில் ஜெனெராஸியோன் எக்கொலோஜி என்ற சூழலியல் கட்சி, பிறகு தனியாக ஒரு சிறு கட்சி, அதன்பின் பசுமைக் கட்சி, 2013இல் அங்கிருந்தும் விலகல். நம்மூரில் இதைக் கேட்டு யாரும் அதிர்ச்சி அடையப்போவதில்லை.

திருப்பூர்க் கூட்டம் என்றால் கேள்வி நேரம் கண்டிப்பாக நொய்யலுக்கும் சாயக்கழிவுக்கும் திரும்பும். மாமேரை வைத்து அதற்குத் தீர்வு சொல்ல முயலாதீர்கள். சூழலியல் பேசும் ஒருவர் ஒரு சிறிய ஊரில் 1989, 1995, 2001, 2008, 2014 என ஐந்து தேர்தலில் மேயர் பதவியை வென்றார் என்ற பட்டியலை மட்டும் வாசித்துவிட்டு மைக்கைக் கேட்டவரிடமே கொடுங்கள்.