22-லிருந்து ஒரே தாவில் 9%

என் எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் திரை 22% காட்டும். ஒரு மேடு ஏறி இறங்குவதற்குள் 9% ஆகிவிடும். பேட்டரியையே மாத்தணும் என்றார்கள் சர்வீஸில். நம்ப முடியவில்லை. முழு சார்ஜுக்கு வண்டி ஓடும் தூரம் குறையவே இல்லையே!

உள்ளே இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. அதில் 20 முதல் 80 சதவீதம் வரை ஒரு செல்லின் வோல்டேஜ் 3.2, 3.3 வோல்ட்டை விட்டுப் பெரிதாக நகராது. வோல்டேஜைப் பார்த்து சார்ஜைச் சொல்வது கஷ்டம். அதனால் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்), உள்ளே போன கரண்ட்டையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறது. சென்சாரில் துளி பிழை இருந்தாலும் அது சேர்ந்துகொண்டே போகும். கணக்கு நேராவது இரண்டு முனைகளில்தான்: நிறையும்போதும், காலியாகும்போதும். அங்கேதான் வோல்டேஜ் சட்டென்று மாறும். என் வண்டியோ கிடைத்த இடத்தில் அரைகுறையாக சார்ஜ் ஏறுவது. மேல்முனையை எட்டியே ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு ராத்திரி முழுக்க சார்ஜரில் விட்டேன். 100 வந்ததும் பிடுங்கவில்லை. அப்போது ஆப்பில் ஒரு செல் 3.58 வோல்ட், இன்னொன்று 3.41. காலைக்குள் பிஎம்எஸ் இரண்டையும் கிட்டத்தட்ட சமன் செய்திருந்தது. தாவல் அதோடு நின்றது. இப்போது வாரம் ஒருமுறை முழுசாக ஏற்றுகிறேன்.

ஓடும் தூரமும் சேர்ந்து குறைந்திருந்தால் இது எடுபடாது. அப்போது மேடு ஏறும்போது எந்த செல்லின் வோல்டேஜ் முதலில் சரிகிறது என்று பாருங்கள்.