செப்புக் காசைத் தரம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பெட்டியில் விக்டோரியா காலணா ஒன்று கிடைத்தால் நம் வீடுகளில் முதலில் நடப்பது, புளி போட்டுத் தேய்ப்பதுதான். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்குச் செய்தால் அதன் மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும், திரும்ப வராது. புளியில் உள்ள அமிலம் களிம்போடு நிற்பதில்லை. பல பத்தாண்டுகளாகச் செம்பின் மேல் படிந்த பழுப்புப் படலத்தையும் கரைத்துவிடும். மிஞ்சுவது உயிரில்லாத ஒரு வெளிர்சிவப்பு. பழகிய கண் அதைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

வாங்குபவர்கள் இந்தப் பளபளப்பில்தான் ஏமாறுகிறார்கள். ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நாணயச்சாலையிலிருந்து வந்த இயல்பான மினுமினுப்பு என்றால் ஒளி கதிர்போல விரிந்து காசைச் சுற்றி நகரும். தேய்த்த காசு எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி மின்னும். லென்ஸில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரியும், எழுத்து இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டியிருக்கும்.

செம்பை சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று நிறம் வைத்தும் பிரிப்பார்கள். பழுப்பு என்றதும் ஒதுக்க வேண்டாம். திட்டுத்திட்டான சிவப்பைவிடச் சீரான சாக்லேட் பழுப்பையே நான் எடுப்பேன்.

அடுத்தது, அச்சு சரியாக விழாததைத் தேய்மானம் என்று நினைப்பது. ராஜராஜன் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற நாகரி எழுத்தும் இருக்கும். கையால் அடித்த காசு என்பதால் எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போயிருக்கலாம். அது தேய்மானம் ஆகாது. உருவத்தின் மேடான இடங்கள் வழவழவென்று தட்டையாகிவிட்டனவா என்று பாருங்கள். தேய்மானம் முதலில் தெரிவது அங்கேதான்.

எடையிலும் ஒரு குழப்பம் உண்டு. காலணா 1906-இல் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறியது. செம்புக் காலணா சுமார் 6.47 கிராம், வெண்கலம் சுமார் 4.86 கிராம். அந்த ஆண்டுக் காசு இரண்டு உலோகத்திலும் வரும். எடை குறைகிறதே என்று நல்ல வெண்கலக் காசைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம் பச்சை. கெட்டியாக, கரும்பச்சையாகப் படிந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும், பயமில்லை. மாவுபோல உதிரும் வெளிர்பச்சை, எடுத்த பிறகும் திரும்ப வந்தால், குளோரைடு உப்பு உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். ஈரப்பதம்தான் அதற்குத் தீனி. அந்தக் காசைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். பிசுபிசுப்பான பச்சை என்றால் காரணம் பெரும்பாலும் மலிவான பிவிசி ஆல்பம். உறையை உடனே மாற்றுங்கள்.