கட்டுநாயக்கவில் இறங்காமல் போன பிளேனுக்குக் காத்திருப்பது எப்படி

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க எயார்போர்ட்டுக்கு நான் வான் ஓடத் தொடங்கி 17 வருடமாகிறது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழி. தேத்தண்ணிக்கு ஒரு தரம் நிறுத்தினால் ஆறு மணித்தியாலம் பிடிக்கும். கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிற ஆட்களை வீடு சேர்ப்பதுதான் பிழைப்பு. ஊரைவிட்டு வெளிக்கிட்டுச் சீனக்குடாப் பக்கம் வந்ததும் வானுக்குள் யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்: "எங்கட எயார்போர்ட் இஞ்சதானே கிடக்கு அண்ணா, இதில இறக்கினா என்ன?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவசரமானது: நீங்கள் எடுக்கப்போன பிளேன் கட்டுநாயக்கவில் இறங்காமல் வேறெங்காவது போய்விட்டால் என்ன செய்வது.

ஒன்றும் செய்யாதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மாத இரவு. தோஹாவிலிருந்து வரும் மகனை எடுக்க ஒரு தாய், தங்கச்சி, தங்கச்சியின் இரண்டு பிள்ளைகள், மச்சான். கட்டுநாயக்கவில் இடியும் மழையும், வைப்பர் போட்டும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிளேன் நீர்கொழும்புக் கடலுக்கு மேல் முட்டை வடிவில் இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவது சுற்றில் மூக்கைத் தெற்கே திருப்பியது. "மத்தளைக்குப் போகுது, நாங்களும் அங்க போவம்" என்றார் மச்சான். தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கிற மற்ற சர்வதேச எயார்போர்ட் அது. போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து வானைத் திருப்பினேன். அதிவேகப் பாதையில் வெலிப்பன்னயில் நிறுத்திப் பிள்ளைகளுக்குப் பணிஸ் வாங்கிக்கொண்டிருக்கும்போது மகன் போன் எடுத்தான்: "எங்கள இறக்கேல்ல அம்மா. எண்ணெய் அடிக்கிறாங்க. திரும்பக் கட்டுநாயக்கவுக்கே போறமாம்." நாங்கள் திரும்பி வந்து சேர்ந்தபோது அவன் ட்ரொலியில் பெட்டிகளுக்கு மேலே குந்தியிருந்து நித்திரை. அதிவேகப் பாதைக்குக் கட்டிய காசும் டீசலும் என் கணக்கில் போனது.

ஏன் அப்படி? ஒவ்வொரு பிளேனும் கிளம்பும்போதே மூன்று பங்கு எண்ணெய் கொண்டுவரும். போகவேண்டிய இடத்துக்கு ஒன்று, அங்கே இறங்க ஏலாவிட்டால் மாற்று எயார்போர்ட்டுக்கு ஒன்று, அதற்கும் மேலே ஜெட்டாக இருந்தால் 30 நிமிடம் ஆகாயத்தில் நிற்கக் கடைசிக் கையிருப்பு. சுற்றிக்கொண்டிருக்கும்போது கப்டன் எண்ணெய் முள்ளைத்தான் பார்ப்பார். மாற்று இடத்துக்கும் கையிருப்புக்கும் மட்டும் மிஞ்சுகிற கட்டம் வந்தால், மழை இன்னும் பத்து நிமிடத்தில் விடும்போல இருந்தாலும் போய்விடுவார். ஆகவே திரையில் "திசை திருப்பப்பட்டது" என்று வந்தால் ஆபத்து என்று எண்ணி அழவேண்டாம். கணக்குப்படி நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

திரும்பிய பிளேன் பெரும்பாலும் மத்தளைக்குப் போகும். அல்லது சென்னை, திருவனந்தபுரம், மதுரை. இந்தியாவில் இறங்கினால் நம் ஆட்களுக்கு விசா இல்லை, சாதாரணமாகச் சீட்டிலேயே இருத்தி வைப்பார்கள். மத்தளையிலும் வழக்கம் அதுதான். எண்ணெய் அடித்து, வானம் தெளிந்ததும் திரும்பி வருவார்கள். என் கையில் இதற்குக் குறைந்தது மூன்று மணித்தியாலக் கணக்கு, அந்த மூன்றுக்கும் நான் காத்திருப்புக் காசு வாங்குவதில்லை. நீங்கள் விசாரிக்கவேண்டியது ஒரேயொரு விஷயம்: விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டதா? அவர்களுக்கு ஒரு நாளில் இவ்வளவு மணித்தியாலம்தான் என்று சட்டம் இருக்கிறது. அது முடிந்தால் ஆட்களை இறக்கிவிடுவார்கள், பஸ்ஸோ ஹோட்டலோ பிறகுதான் தெரியும். அப்போது மட்டும் வானைத் திருப்புங்கள். இன்னொன்று: டிக்கெட் போடும்போது வெளிநாட்டு நம்பரை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். காத்து நிற்கிற ஆளின் இலங்கை நம்பரையும் கொடுக்கச் சொல்லுங்கள். எயார்லைன் செய்தி அனுப்பினால் உங்களுக்கும் வரும்.

ஊரிலிருந்து கிளம்புமுன் நான் மெட்டார் பார்ப்பேன். எயார்போர்ட்டின் காலநிலைச் செய்தி அது, போனில் இலவசமாகக் கிடைக்கும். முதலில் குழப்பும், ஒரு கிழமையில் பழகிவிடும். நேரம் கிறீன்விச் நேரம், ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். நான்கு இலக்க எண் பார்வைத் தூரம், மீற்றரில். 9999 என்றால் 10 கிலோமீற்றருக்கு மேல், நிம்மதி. 1500 என்றால் கவனம். டிஎஸ் (TS) என்ற எழுத்து வந்தால் இடிமின்னல், பிஆர் (BR) புகார், அதாவது மெல்லிய பனிமூட்டம், எஃப்ஜி (FG) அடர்ந்த மூடுபனி. தை, மாசியில் கட்டுநாயக்கவில் விடியற்காலைப் புகார்தான் தொல்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி. இந்த மாதங்களில் நான் யாருக்கும் நேரம் சத்தியம் செய்துகொடுப்பதில்லை.

காற்றையும் பாருங்கள். பிளேன் எப்போதும் எதிர்காற்றில் இறங்கத்தான் விரும்பும். கட்டுநாயக்க ஓடுபாதையின் இரண்டு முனைகளுக்கும் 04, 22 என்று பெயர். பின்னால் ஒரு பூச்சியம் சேர்த்தால் திசை: 40 பாகை, 220 பாகை. சோளகம், அதாவது தென்மேல் காற்று, அடிக்கும் மாதங்களில் 22 பக்கம், அதாவது தரைக்கு மேலால் வந்து இறங்கும். வடகீழ்க் காற்றான வாடை தொடங்கினால் 04, கடல் பக்கத்தால் வரும். நம் ஊர்க் கடற்தொழிலாளிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வாடையும் சோளகமும் கச்சானும் அவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பின்காற்றில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 ஓகஸ்ட் 7 கோழிக்கோடு சாட்சி. மழை, பின்காற்று. ஓடுபாதை 2,700 மீற்றர், அதில் பாதி போன பிறகுதான் சக்கரம் நிலத்தில் பட்டது. முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் செத்துப்போனார்கள். நீளத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

இனி சீனக்குடாக் கேள்வி. தேர்தல் காலத்தில் "சீனக்குடா சர்வதேச விமான நிலையமாகப்போகிறது" என்று செய்தி வந்தால் எப்படி வாசிப்பது?

ஓடுபாதை நீளத்தை முதலில் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். வெள்ளைக்காரன் காலத்து விமானத் தளம் அது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது விமானப் படையின் கையில் இருக்கிறது, ஓடுபாதை ஏறத்தாழ 2,400 மீற்றர். எயார்பஸ் ஏ320 வகை ஜெட் பிளேன் முழுப் பாரத்தோடு எழும்ப 2,100 மீற்றர் அளவில் கேட்கும். ஆக, கடதாசியில் போதும். ஆனால் அந்தக் கணக்கு 15 பாகைக் குளிர்ச்சிக்குப் போட்டது. நம் வைகாசி வெயிலில் காற்று மெல்லிசாகிவிடும், செட்டைக்குப் பிடி குறையும், ஓட்டம் நீளும். அப்போது பாரத்தைக் குறைப்பார்கள். அதாவது எண்ணெய், இல்லாவிட்டால் சீட், இல்லாவிட்டால் உங்கள் 30 கிலோப் பெட்டி.

நீளத்துக்குப் பிறகு கேட்கவேண்டியவை வேறு. தார் எவ்வளவு பாரம் தாங்கும்? முனைக்கு அப்பால் வெறும் நிலம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள்? சர்வதேச விதி 240 மீற்றர் இருப்பது நல்லது என்கிறது, குறைந்தது 90. மழையில் பிளேனை வழிகாட்டி இறக்கும் ஐஎல்எஸ் கருவி போடுகிறார்களா? தீயணைப்பு எந்தத் தரம்? ஏ320க்கு ஆறாம் தரம் வேண்டும், காற்றாடி சுழலும் சின்னப் பிளேனான ஏடிஆர் 72க்கு ஐந்து போதும். செய்தியில் புது டேர்மினல் கட்டடத்தின் படம் மட்டும் இருந்து தீயணைப்பு வண்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், நான் பேப்பரை மடித்துவிடுவேன்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, ஏற ஆள் இருக்கிறதா என்பது. மத்தளையைப் பாருங்கள். 2013 மார்ச்சில் திறந்தார்கள், ஓடுபாதை 3,500 மீற்றர், கட்டுநாயக்கவைவிட 150 மீற்றர் அதிகம். ஆனால் ஏற ஆளில்லாமல் அங்கே நெல்லுச் சேமித்துவைத்த காலமும் இருந்தது. திருச்சியைப் பாருங்கள். 2,480 மீற்றர்தான், நீட்டவேண்டும் என்று வருடக்கணக்காய்ப் பேச்சு. 2018 ஒக்டோபரில் துபாய்க்குக் கிளம்பிய ஒரு பிளேன் மதிலை இடித்துக்கொண்டு மேலெழும்பி, பிறகு மும்பாயில் பத்திரமாய் இறங்கியது. அப்படியிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற சனத்தால் திருச்சி நிறைந்து, 2024இல் புது டேர்மினலே திறந்தார்கள்.

நமக்குக் கிட்டிய உதாரணம் பலாலி. 2019 ஒக்டோபர் 17 திறந்தார்கள், அடுத்த மாதம் சென்னையிலிருந்து 70 சீட் அளவிலான ஏடிஆர் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கி, 2024 செப்டெம்பரில் இன்டிகோ எயார்லைனும் வந்தது, 2025இல் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கினார்கள். எல்லாம் சின்னப் பிளேன்தான். ஆனால் சனம் ஏறுகிறது, கலியாணத்துக்கு, வைத்தியத்துக்கு, கோயிலுக்கு.

அதனால் வானுக்குள் கேட்கிற ஆளுக்கு நான் சொல்வது இதுதான்: சீனக்குடாவுக்கும் முதலில் வரக்கூடியது சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஒரு ஏடிஆர். கிழமைக்கு எத்தனை தரம், எத்தனை சீட், குடிவரவும் சுங்கமும் எந்த நேரம்வரை என்று கேளுங்கள். தோஹாவிலிருந்து வருகிற தம்பி அப்போதும் கட்டுநாயக்கவில்தான் இறங்குவான். ஐப்பசியென்றால் இரண்டு நாளைக்கு முன்னமே எனக்கு எடுத்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடும் கட்டிக்கொண்டு வாருங்கள்.