பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கேள்வியை முதலில் கேளுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அப்புறம்தான் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். "கவின், 8-உம் 5-உம் எவ்வளவு?" என்று தொடங்கினால், மற்றவர்கள் அந்த நொடியே பென்சில் சீவப் போய்விடுவார்கள். பெயர் கடைசியில் வந்தால் எல்லோருமே விரல் மடக்கி எண்ணுவார்கள். கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வேலையும் குறையும். அமெரிக்க வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள் என்று 1970-களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். 3 நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. அந்த மூன்று நொடி நமக்குத்தான் பெரிதாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பாடு போன்ற வேகப் பயிற்சிக்கு இது வேண்டாம். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்குப் பெயர்தான் முதலில்.