உள்ளங்கையில் ஒரு ஹகோசுக்கா: டை-காஸ்ட் காரைப் பிரித்து, நிறம் தீட்டி, மீண்டும் பூட்டும் முறை

டை-காஸ்ட் கார்களை, அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த குட்டிக் கார்களை, சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் அலமாரி நிறைந்துவிடும்; அதில் எந்தக் காரைப் பற்றியும் நான்கு வரி சொல்ல முடியாது. புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு காரைத் தேர்ந்தெடுங்கள், அதன் அசலைப் படியுங்கள், பிறகு அதிலேயே இரண்டு வாங்குங்கள். ஒன்று பெட்டியில் இருக்கட்டும். மற்றொன்றைப் பிரிப்போம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 1970-இல் வந்த இரண்டு கதவு நிசான் ஸ்கைலைன் 2000 ஜிடி-ஆர். ஜப்பானியர்கள் இதை 'ஹகோசுக்கா' என்று அழைக்கிறார்கள். 'ஹகோ' என்றால் பெட்டி. 'சுக்கா' என்பது ஸ்கைலைன் என்ற பெயரை அவர்கள் உச்சரிக்கும்போது வரும் முதல் ஒலிகள். பெட்டி ஸ்கைலைன். டொமிக்கா, ஹாட் வீல்ஸ் ஆகிய பொம்மைக் கார் வரிசைகள் இரண்டிலுமே இந்தக் கார் கிடைக்கிறது.

படி 1: அசலைப் பாருங்கள்

அரத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரு மாலை முழுவதும் புகைப்படங்களைப் பார்த்துவிடுங்கள். நான்கு கதவு ஜிடி-ஆர் 1969-இல் வந்தது. 1989 சிசி, ஆறு சிலிண்டர், 160 குதிரைத்திறன் கொண்ட அதன் எஸ்20 எஞ்சின், ஆர்380 என்ற பந்தயக் காரின் எஞ்சினிலிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டு கதவு வண்டியில் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 70 மி.மீ. குறைத்தார்கள்.

நமக்கு முக்கியமானது பின்பக்க உடல். ஸ்கைலைனின் பக்கவாட்டில் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு மடிப்புக் கோடு ஓடும். 'சர்ஃப் லைன்' என்பார்கள். அகலமான டயருக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஜிடி-ஆரில் சக்கர வளைவு அந்தக் கோட்டையே வெட்டிக்கொண்டு மேலேறும். அந்த வெட்டும், இரண்டு கதவு வண்டியில் அதன்மேல் பொருத்திய வளைவுப் பட்டையும்தான் ஜிடி-ஆரின் அடையாளம். தேய்க்கும்போது கை அழுந்தி அந்தக் கோடு மழுங்கினால் இந்தக் காருக்கு முகமே போய்விடும்.

படி 2: அளந்து வாங்குங்கள்

1:64 என்றால் அசலின் நீளத்தை 64-ஆல் வகுக்க வேண்டும். 4330 மி.மீ. நீளமுள்ள ஹகோசுக்கா 67.7 மி.மீ. ஆகிறது. டொமிக்காவில் எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் அளவு விகிதம் காருக்குக் கார் மாறும், அடித்தட்டிலேயே பொறித்திருப்பார்கள். நுணுக்கமாக அளக்க வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டொமிக்கா 1970-இல் ஆறு கார்களுடன் தொடங்கியது. தொடக்க காலத்தவை ஜப்பானில் செய்தவை. பின்னர் உற்பத்தி சீனாவுக்கும் அங்கிருந்து வியட்நாமுக்கும் போனது. அடித்தட்டில் உள்ள நாட்டின் பெயர் வயதைக் கணிக்க உதவும். டோக்கியோவின் நகானோ பிராட்வே போன்ற இடங்களில் பழைய டொமிக்காக்கள் கண்ணாடிப் பேழைகளில் விற்பனைக்கு இருக்கும். ஜப்பானில் செய்த அந்தப் பழைய காரை ஒருபோதும் துளையிடாதீர்கள். நிறம் உரிந்திருந்தாலும் அப்படியே வைத்திருங்கள். பயிற்சிக்கு இன்று கடையில் தொங்கும் மலிவான கார் போதும்.

பழைய கார் வாங்கும்போது உடலில் வெடிப்போ உப்பலோ இருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே நொறுங்கும். அதற்கு மருந்து இல்லை.

படி 3: ஆணியை எடுங்கள்

காரைத் திருப்பினால் அடித்தட்டில் ஒன்றோ இரண்டோ ரிவெட் தலைகள் தெரியும். உடலிலிருந்து கீழிறங்கும் சிறு தூணின் நுனியை நசுக்கிக் காளான் குடைபோல் ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் குடையை மட்டும் எடுத்தால் போதும், தூண் முழுதாக இருக்க வேண்டும். (சில நிறுவனங்களின் கார்களில் திருகாணியே இருக்கும், அப்படியானால் இந்தப் படி உங்களுக்குத் தேவையில்லை.)

முதலில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. காரைத் துணியில் சுற்றிப் பிடிப்பானில் மெதுவாக இறுக்குங்கள். ரிவெட்டின் நட்டநடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை எஃகுக் குச்சியால் ஒரு குழி போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் டிரில் பிட் வழுக்கி அடித்தட்டைக் கீறிவிடும். 1.5 மி.மீ. பிட்டால் ஆழமில்லாத வழித்துளை, பிறகு குறைந்த வேகத்தில் 3 மி.மீ. பிட். அழுத்தாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் நிறுத்திப் பாருங்கள். குடை வளையமாகக் கழன்று பிட்டோடு சுற்றத் தொடங்கினால் வேலை முடிந்தது. உலோகத் துகளைக் கையால் துடைக்காமல் தூரிகையால் தள்ளுங்கள்.

அடித்தட்டு, சக்கரங்கள், இருக்கைப் பகுதி, கண்ணாடிப் பகுதி என்று கழன்று வரும் வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல் கையில் வெறுமையாக இருக்கும்போதே தூணில் 1.6 மி.மீ. துளையிட்டு, எம்2 டேப்பால் (2 மி.மீ. திருகாணிக்கு மரை வெட்டும் கருவி) மரை வெட்டிவிடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்புங்கள். பசை போட்டு ஒட்டிய கார் இன்னொரு முறை திறக்காது. திருகாணி போட்டது எத்தனை முறையும் திறக்கும்.

படி 4: பழைய நிறத்தை உரியுங்கள்

பெயின்ட் ரிமூவர் ஜெல்லை வெளிக்காற்றில், தடித்த கையுறையோடு தடவுங்கள். நிறம் சுருங்கிக் கிளம்பியதும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவுங்கள். காஸ்டிக் சோடாவைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். இந்த உடல் துத்தநாகத்தோடு சுமார் 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்த கலவை. காஸ்டிக் இரண்டையும் அரிக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜனும் வெளிவரும். பிளாஸ்டிக் பாகம் எதுவும் உடலில் ஒட்டியிருக்கக் கூடாது. நான் பிரித்த முதல் காரில் கண்ணாடிப் பகுதியைக் கழற்றாமலே உரிக்கப் போய், அது பால்போல் வெளுத்துப் பயனற்றுப்போனது.

வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று தெரியும். சிறு அரத்தால் அதை நீக்கி, 400, பிறகு 800 எண் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். சர்ஃப் லைன் அருகே விரலால் அல்ல, தட்டையான குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள்.

படி 5: நிறம்

இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடம் இது. ஐஸ் குச்சி ஒன்றை இருபக்க டேப்பால் உடலின் உட்புறம் ஒட்டினால் நல்ல பிடி கிடைக்கும். ஸ்ப்ரே குப்பியை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிறுத்துங்கள், கொதிநீர் ஆபத்து. 20 செ.மீ. தள்ளி, காருக்கு வெளியே தொடங்கி, காரைக் கடந்து, மறுபுறம் வெளியே முடியுங்கள். காரின் மேலேயே நின்று பொத்தானை அழுத்தினால் முதல் துளி அங்கேயே வழியும்.

பிரைமர் என்ற அடிப்பூச்சு இரண்டு மெல்லிய பூச்சு. அடுத்து நிறம் மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே பதினைந்து நிமிடம். முதல் பூச்சில் பிரைமர் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். கனமாக அடித்தால் கதவு இடுக்குகள் நிரம்பிக் கார் சோப்புக் கட்டிபோல் ஆகிவிடும். ஒருநாள் காய்ந்த பின் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேற்பூச்சு. பிரைமர் முதல் கிளியர் வரை ஒரே நிறுவனத்தின் ஒரே வகை வாங்குங்கள். மென்மையான பூச்சின் மேல் கடுமையான கரைப்பான் விழுந்தால் தோல் சுருங்கும். மழை நாளில் அடித்தால் ஈரம் சிக்கி வெண்மை படியும்.

என் தேர்வு வெள்ளி நிறம். ஹகோசுக்காவின் மடிப்புகள் வெளிச்சத்தில் எழுந்து நிற்பது அதில்தான்.

படி 6: சிறு வேலைகள்

கிரில்லுக்கு (முன்பக்க வலைத்தட்டி) நீர்த்த கறுப்பு அக்ரிலிக் வண்ணம். மேடுகளை உடனே பஞ்சால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிற்கும். அதிலுள்ள சிவப்பு ஜிடி-ஆர் முத்திரைக்குப் பல்குச்சி முனை போதும். பின்விளக்கில் பலர் தவறு செய்கிறார்கள். நான்கு வட்ட விளக்கு, அடுத்த தலைமுறையான 'கென்மேரி'யில் 1972-இல்தான் வந்தது. ஹகோசுக்காவுக்கு நீள்சதுர விளக்கு. முதலில் வெள்ளி, அதன்மேல் ஒளிபுகும் சிவப்பு.

படி 7: சக்கரம்

கடையில் ரப்பர் டயரோடு வரும் சக்கரங்களை வாங்கும் முன் மீண்டும் வகுத்துப் பாருங்கள். அசல் ஹகோசுக்காவின் வளையம் 14 அங்குலம், 1:64-இல் 5.6 மி.மீ. 1999-இல் வந்த ஆர்34 ஜிடி-ஆருக்கு 18 அங்குலம், அதாவது 7.1 மி.மீ. ஆர்34-க்கான சக்கரத்தை இதில் மாட்டினால் வண்டிக்குப் பெரியவர் செருப்பு போட்டதுபோல் இருக்கும். எட்டு ஆரக் கால்கள் கொண்ட, வாத்தனாபே நிறுவனத்தின் சக்கர வடிவம்தான் இதற்குப் பொருத்தம். ஆறு ஆரக் கால் டிஇ37 அழகானதே, ஆனால் அது 1996-இல் பிறந்த சக்கரம். இந்தக் காருக்கு நான் போட மாட்டேன்.

கண்ணாடி, இருக்கை, சக்கர அச்சு, அடித்தட்டு என்று எடுத்த படத்தின் தலைகீழ் வரிசையில் பூட்டி, எம்2 திருகாணியை விரல் வலுவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு காரைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு மெல்லிய தாளை நுழைத்துப் பாருங்கள். எங்காவது தாள் தடையின்றி நழுவினால் அந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை; திருகாணியைக் கழற்றி, அச்சை நிமிர்த்தி, மறுபடி பூட்டுங்கள்.