கல்லே இல்லாத டெல்டாவில் பாறையைப் படிப்பது எப்படி?

தஞ்சாவூரைத் தாண்டிக் கிழக்கே நாகப்பட்டினம் வரை போனாலும் வயலில் ஒரு பாறை தட்டுப்படாது, எங்கே தோண்டினாலும் வண்டல், களிமண், மணல்தான். அதனால் பாறையைப் பற்றிப் படிக்க மலைக்குப் போகணும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் பாறை உருவாகிற வேலையின் முதல் கட்டத்தில்தான் நாம் நாற்றே நடுகிறோம்.

படி 1: காவிரி மணலில் ஒரு சிட்டிகை எடுத்து, வெயிலில் உள்ளங்கையில் பரப்பி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பது குவார்ட்ஸ். மங்கலான வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஃபெல்ட்ஸ்பார். மினுக்குகிற செதில் காக்காப்பொன், அதாவது மைக்கா. கருங்கல்லில் இருப்பதும் இவையேதான். மேற்கே வெயிலிலும் மழையிலும் சிதைந்த பாறைகள்தான் மணலாக நம் ஊருக்கு வந்திருக்கின்றன.

படி 2: ஒரு கண்ணாடி பாட்டிலில் கால்பங்கு வாய்க்கால் மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் உடனே கீழே இறங்கும், அதன்மேல் வண்டல், களி கடைசியாக, மெதுவாக. வெள்ளம் வடியும்போது டெல்டாவில் நடப்பதும் இதுவே. இப்படி அடுக்கடுக்காகப் படிந்து, மேலே ஏறுகிற பாரத்தில் அமுங்கி, நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் சிலிக்காவும் மணலுக்கு மணல் பசை போட்டு ஒட்டினால் படிவுப் பாறை. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் எண்ணெய் எடுப்பது நமக்குக் கீழே ஆழத்தில் ஏற்கெனவே இறுகிப்போன இந்த மாதிரிப் பாறைகளிலிருந்துதான். (1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. டெல்டாவுக்கு அது பெரிய இழப்பு என்பேன்.)

படி 3: கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒரு துண்டு கிடைத்தால் அதில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைக்கும். டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் கல்லுக்குள் கிடைக்கின்றன. கோயில் கல்லில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள்.

படி 4: சரி, கோயிலுக்கே போவோம். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்தது. சுவரருகே நின்று பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிய மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். பாகு மெதுவாக ஆறினால் கற்கண்டு பெரிதாக விளைகிறதே, அதுபோலப் பூமிக்குள் பாறைக்குழம்பு பல்லாயிரம் ஆண்டு நின்று ஆறினால்தான் இந்தப் பெரிய மணிகள் வரும். இது தீப்பாறை வகை. இரும்பு மிகுந்த வேறு வகைக் குழம்பு எரிமலை வழியாக வெளியே வந்து சீக்கிரம் ஆறினால் மணி தெரியாத கறுப்பு பசால்ட், அதுவும் தீப்பாறைதான்.

படி 5: மூன்றாவது வகைக்கு டைல்ஸ் கடை போதும். இருக்கிற பாறையே ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் மாட்டி, உருகாமலேயே உள்ளுக்குள் மாறிப்போவது உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆகும்; கருங்கல் நீஸ் ஆகும், அதன் மணிகள் வரிசை கட்டிக்கொள்ளும். அடுப்பு மேடைக்குக் கிரானைட் என்று விற்கிற பலகைகளில் கறுப்பும் வெளுப்புமாக அலையலையாய்க் கோடு ஓடுவதைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அது நீஸ்தான்.